பெட்டி வாங்குவதற்கு முன்: ஃப்ளை கட்டும் பொருட்களை வீட்டில் வைத்துக் காப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மூன்று வருடமாக ஃப்ளை, அதாவது மீன்பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டுகிறீர்கள். இறகும் முடியும் நூலும் முள்ளும் செருப்புப் பெட்டிகளிலும் பிளாஸ்டிக் பைகளிலும் பெருகிவிட்டன. கட்ட உட்கார்ந்தால் தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது. போன வாரம் ஒரு சேவல் கழுத்துத் தோலை எடுத்தபோது அடியிலிருந்து மணல் மாதிரி ஏதோ உதிர்ந்தது. எந்த மாதிரிப் பெட்டி வாங்கினால் எல்லாம் ஒழுங்குக்கு வரும் என்று கேட்கிறீர்கள். பெட்டியைக் கடைசியில் பார்ப்போம். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. வேண்டியது சட்டென்று கைக்கு வர எப்படி அடுக்குவது என்பது ஒன்று. வைத்தது வைத்தபடி கெடாமலிருக்க என்ன செய்வது என்பது இன்னொன்று. எல்லோரும் முதலாவதில்தான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த மணல் இரண்டாவதைச் சேர்ந்தது, அவசரமும் அதற்குத்தான்.

ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தோலைத் தலைகீழாகப் பிடித்து நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். விழுவது வெறும் வெள்ளைப் பொடி என்றால் பயமில்லை. தோலைக் காய வைக்கும்போது தூவிய வெண்காரமோ உப்போ பல மாதம் கழித்தும் உதிரும். பொடிப்பொடி மணியாக, ஏறக்குறைய இறகின் நிறத்திலேயே இருந்தால் அது புழுவின் எச்சம். சாயம் ஏற்றிய பொருளைத் தின்ற புழு பெரும்பாலும் அந்தச் சாயத்தின் நிறத்திலேயே கழிக்கும். கூடவே மெல்லிய பட்டு இழையோ, சின்னக் குழல் போன்ற கூடோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்துப்பூச்சி. இழை எதுவும் இல்லாமல், மயிர் முளைத்த பழுப்புச் சட்டை மாதிரி காய்ந்த தோல்கள் மட்டும் கிடந்தால் கம்பள வண்டின் புழு. தண்டு அப்படியே நிற்க, பக்கத்து இழைகள் மட்டும் கத்திரி வைத்து நறுக்கியதுபோல் காணாமல் போயிருப்பது இரண்டுக்கும் பொது.

இரண்டும் தேடி வருவது கெரட்டினை. இறகு, முடி, கம்பளி, கொம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படையான புரதம் அது. அதைச் செரிக்கிற வயிறு வெகு சில பூச்சிகளுக்குத்தான் உண்டு. தின்பது புழுப் பருவம்தான். வளர்ந்த அந்துப்பூச்சி எதையும் தின்பதே இல்லை, முட்டையிட்டுவிட்டுச் செத்துப் போகும். அதனால் விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பார்த்துப் பதற வேண்டாம். உண்மையான அந்துப்பூச்சி வெளிச்சத்தைக் கண்டால் ஓடி இருட்டில் ஒண்டும். வளர்ந்த கம்பள வண்டு நேர்மாறு, பூந்தாது தேடி வெளிச்சத்துக்குப் போகும். ஜன்னல் விளிம்பில் 2, 3 மில்லிமீட்டர் அளவில் உருண்டையான வண்டுகள் அடிக்கடி செத்துக் கிடந்தால், இறகுப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் இரண்டு வாரம் விடுவது பாதுகாப்பான கணக்கு. ஒரு வாரம் போதும் என்பவர்களும் உண்டு, அவர்கள் பெரும்பாலும் எடுத்து ஆறவிட்டு மறுபடி ஒரு வாரம் வைப்பார்கள். முதல் சுற்றில் தப்பிய முட்டை பொரித்தால் இரண்டாவது சுற்று அதைப் பிடித்துவிடும் என்பது இதன் நியாயம். எதைச் செய்தாலும் குளிர் சட்டென்று இறங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தால் பூச்சி அதற்குப் பழகிக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அமுக்காமல், தட்டையாக, நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். வியர்ப்பது கவரின் வெளிப்பக்கத்தோடு போகும், இறகு நனையாது. மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கச் சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். தோல் சுருங்கி மொடமொடவென்று ஆகும், கவருக்குள் ஒரு முள்ளோ செம்புக் கம்பியோ தப்பித்தவறி இருந்தால் பொறி பறக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெகுநாளைக்கு முன் வேட்டைக்குப் போகிற நண்பர் ஒருவர் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையின் முழுத் தோல் ஒன்றைக் கொடுத்தார். அழகில் மயங்கி, அன்றைக்கே அதை என் கழுத்துத் தோல்கள் இருந்த இழுப்பறையில் வைத்தேன். குளிர்காலம் முழுக்க அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை, செயற்கை இழைகளில் மூழ்கியிருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு சாம்பல் நிறச் சேவல் தோலை எடுக்கிறேன். கை பட்டதும் இறகுகள் கொத்தாகக் கழன்று மடியில் விழுந்தன, தோல் மட்டும் விரலில் நின்றது. அந்த மாதிரிச் சாம்பல் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை. ஒன்பது தோல்களில் தேறியவை இரண்டு, இரண்டுமே தனித்தனி ஜிப்லாக் கவரில் இருந்தவை. அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும் எந்த இறகும் முடியும், கடையில் வாங்கியதானாலும், ஃப்ரீசர் வழியாகத்தான் அலமாரிக்குப் போகிறது. கவரோடு நிறுத்தாமல், மூடி இறுக்கமான டப்பாவுக்குள் அந்தக் கவர்களை வைக்கிறேன். அப்போதுதான் பொரித்த புழு நூல் கனம்கூட இருக்காது, கவரின் பூட்டு வாயில் சின்ன இடைவெளி கிடைத்தாலே நுழைந்துவிடும்.

அந்துருண்டை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நாஃப்தலீன் உருண்டையின் ஆவி பூச்சியைக் கொல்லும் என்பது உண்மை, ஆனால் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஆவி அடர்த்தியாகச் சேர்ந்தால்தான். அப்படிச் சேர்ந்த பெட்டியை நீங்கள் வாரத்துக்கு மூன்று முறை முகத்துக்கு நேரே திறக்கப் போகிறீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாராடைகுளோரோபென்சீன் என்ற இன்னொரு வகை உருண்டை சில பிளாஸ்டிக் டப்பாக்களையே இளக்கிவிடும். அந்த வாடை ஒட்டிய ஃப்ளையை மீன் கடிக்காது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதை நிரூபித்துக் காட்டியவரை நான் பார்த்ததில்லை, ஆனால் வாடை மாதக்கணக்கில் போகாது என்பதை என் மூக்கு அறியும். நான் அந்துருண்டையைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. தேவதாரு மரத்துண்டு, லாவெண்டர் பொட்டலம் இரண்டையும் அரை நம்பிக்கையோடுதான் வைத்துக்கொள்ளலாம். புதிய தேவதாரு எண்ணெய், மூடிய பெட்டிக்குள், பிறந்த புழுவை ஓரளவு பாதிக்கும். வளர்ந்த புழுவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எண்ணெய் காய்ந்தபின் அது வெறும் மரம். பசை தடவிய ஃபெரோமோன் பொறி ஆண் அந்துப்பூச்சியை மட்டும் இழுக்கும். வீட்டில் பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்லது, ஒழிக்க உதவாது.

இறகு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே கிடந்ததை எடுத்துக்கொள்வதுகூட எல்லா நாட்டிலும் சட்டப்படி சரியில்லை. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதையே தடுக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. எடுத்தவர் சால்மன் ஃப்ளை கட்டுகிறவர். அதற்குப் பிறகு அரிய இறகு என்றாலே ரசீது எங்கே என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே கூடியது, நல்லதுதான். பழைய வீட்டில் பாடம் பண்ணி வைத்த பறவை கிடைத்தால் அதிலிருந்து ஒரு இறகுகூட உருவாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் பூசுவது சாதாரண வழக்கம். நூலை நனைக்கவும் இறகை நீவவும் விரலை வாயில் வைக்கிற கூட்டம் நாம்.

இப்போது அடுக்குவதற்கு வருவோம். நிறவாரியாக அடுக்குவது படம் எடுக்க அழகாக இருக்கும். நான் சொல்வது அதற்கு ஒரு படி முந்தியது: எதை எது கெடுக்கும் என்று பார்த்துப் பிரியுங்கள். உயிரிலிருந்து வந்தவை எல்லாம், அதாவது சேவல் ஹேக்கிள் (கழுத்திறகு), மயில் தோகை, மராபு (பஞ்சு போன்ற மெல்லிறகு), மான்வால் முடி, முயல் தோல் துண்டுகள், இயற்கை ரோமத்தில் செய்த டப்பிங் (சினிமா டப்பிங் இல்லை, நூலில் முறுக்கி உடம்பு செய்கிற பஞ்சு), பூச்சியின் பங்கு. இவை இறுக்கமான டப்பாவில், இருட்டில். ஃப்ளைக்கு வைக்கும் ரப்பர் கால்கள், லேட்டக்ஸ், மென்பிளாஸ்டிக் புழுக்கள் ஆகியவற்றுக்கு வெயிலும் மற்ற பிளாஸ்டிக்கும் எதிரி. முள்ளும் கம்பியும் ஈரத்தின் பங்கு. பசைகளின் ஆவி மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் ஆகாது. ஜிகினா, செனில் (மயிர்ப்புள்ள தடித்த நூல்), ஃபோம், செயற்கை இழைகள் ஆகியவற்றுக்குப் பெரிய எதிரிகள் இல்லை, வெயில் படாமலிருந்தால் திறந்த கூடையில்கூடக் கிடக்கும். இப்படி ஐந்தாகப் பிரித்த பிறகு, ஒவ்வொன்றுக்குள்ளும் நிறம் பார்த்தோ அளவு பார்த்தோ உங்கள் ஆசைப்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் கை சுட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. பல அறைகள் கொண்ட தெளிந்த கண்ணாடி மாதிரி டப்பாக்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். மென்பிளாஸ்டிக்கில் இளக்கம் தருவதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து அந்த டப்பாவைத் தின்னும். ஒரு கோடை முடிந்து பார்த்தால் கால்கள் அறையின் அடியில் உருகி ஒட்டி, டப்பாவில் பள்ளம் விழுந்திருக்கும். கால்களையும் வால்களையும் வந்த கவரிலேயே விடுங்கள், அல்லது பாலிஎத்திலீன் கவருக்கு மாற்றுங்கள். வெவ்வேறு நிறங்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் இறங்கும், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

முள்ளை அழகான டப்பாக்களுக்கு மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மாற்றாதீர்கள் என்றே சொல்வேன். முள்ளில் எண் ஏற ஏற அளவு சிறுக்கும், 14 என்பது 12-ஐ விடச் சின்னது. 1-ஐத் தாண்டியதும் 1/0, 2/0 என்று மறுபடி பெருக்கும். இந்த எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஒத்துப்போவதில்லை. தண்டின் நீளம், கம்பியின் கனம், நுனிக்குக் கீழே மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள் உண்டா இல்லையா என்ற விவரமெல்லாம் அந்தச் சின்னப் பொட்டலத்தின் மேல்தான் இருக்கிறது. பொட்டலத்தோடு வைத்து, அட்டைப் பெட்டியில் நூலக அட்டை மாதிரி நிற்க வைத்தால் விரலால் புரட்டி எடுத்துவிடலாம். ஈரக் காற்று உள்ள இடமென்றால் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடவே இருக்கட்டும். கட்டும்போது சிந்திய முள்ளைக் காந்தத்தால் பொறுக்கலாம், ஆனால் காந்தத்தின் மேலேயே முள்ளைச் சேமித்து வைத்தால் முள்ளும் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். மீன்பிடித்துத் திரும்பிய ஃப்ளைகளை நன்றாகக் காய வைக்காமல் புதிய முள்ளின் பக்கத்தில் விடாதீர்கள், கடல்நீர் பட்டவற்றை நல்ல தண்ணீரில் அலசிவிட்டே கொண்டு வாருங்கள்.

ஃப்ளை மூழ்குவதற்காக முள்ளில் கோக்கும் உலோக மணிகளில் வேறொரு தொல்லை. டங்ஸ்டன் மணியும் பித்தளை மணியும் மேற்பூச்சு ஒன்றானால் கண்ணுக்கு ஒன்றேதான். டங்ஸ்டன் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம், ஆற்றில் அது முற்றிலும் வேறு ஃப்ளை. ஒரு தடவை என் மகன் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டான். ஒற்றை மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தேன், ஒரு மாலை முழுக்கப் போயிற்று. மணி டப்பாவின் மூடியில் மட்டும் எழுதாதீர்கள், மூடிகள் இடம் மாறும். அறைக்குள்ளேயே ஒரு துண்டுக் காகிதம் போடுங்கள்: பொருள், மில்லிமீட்டர் அளவு, துளை வட்டமா பிளவா என்று.

நூலுக்கும் இதே கதைதான். 8/0 என்று போட்ட இரண்டு நிறுவனத்து நூல்கள் ஒரே பருமனாக இருக்கும் என்று நம்பாதீர்கள், அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. டெனியர் அப்படியல்ல, 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். கண்டின் ஓரத்தில் டெனியரை மார்க்கரால் எழுதிவிடுங்கள். நைலான் நூல் வெயிலில் வலுவிழக்கும், ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டி வைப்பது பார்வைக்கு மட்டும்தான் சரி.

பசைகளை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்கவே வேண்டாம். புற ஊதா ஒளி பட்டால் இறுகும் யூவி ரெசின் குப்பியை ஜன்னலிலிருந்தும் மேசை விளக்கிலிருந்தும் தள்ளி, இருட்டில் வையுங்கள். மூடாமல் விட்டால் குப்பியின் வாயிலேயே கெட்டியாகிவிடும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. பிரிக்காத குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெகுநாள் வரும், ஆனால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த வாயில் நீர் கோத்து அங்கேயே வேலையை ஆரம்பித்துவிடும். கட்டி முடித்த தலை முடிச்சில் பூசும் ஹெட் சிமென்டின் கரைப்பான் ஆவி ஃபோமையும் பாலிஸ்டைரீனையும் கரைக்கக்கூடியது, தீப்பற்றக்கூடியது. நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்த குப்பி ஒருநாள் கசியாமல் இருக்காது.

தேடுகிற நேரத்தைக் குறைக்க எனக்கு உண்மையில் உதவியது ஒரே ஒரு பழக்கம். சேமிப்பு வேறு, மேசை வேறு என்று பிரித்தேன். இந்த மாதம் கட்டப்போகிற நான்கைந்து வகை ஃப்ளைகளுக்கு ஆளுக்கொரு கவர். அதில் ஒரு பொட்டலம் முள், மணி, நூல்கண்டு, ஒரு டஜனுக்குப் போதுமான இறகு. அந்தக் கவர்கள் மட்டும் மேசைத் தட்டில். பெரிய டப்பாக்களை மாதம் ஒருமுறை திறந்து தேவையானதை எடுத்து, அப்படியே ஒரு பார்வையும் பார்த்து மூடிவிடுகிறேன். அந்தப் பார்வைதான் பூச்சிக்கும் காவல், தொடாமல் கிடக்கிற டப்பாவைத்தான் அது பிடிக்கும். கவரின் மேல் மார்க்கரால் எழுதியது கைப்பட்டு அழிந்துவிடும், அதனால் உள்ளே ஒரு அட்டை: என்ன, எங்கே வாங்கியது, எப்போது, ஃப்ரீசர் ஆயிற்றா. ‘ஆலிவ்’ என்ற நிறப்பெயர் ஆளாளுக்கு வேறு பச்சை, எந்தக் கடை என்று எழுதாவிட்டால் அதே பச்சை மறுபடி கிடைக்காது. போனில் ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத காலத்தில் ஃபெசன்ட் வாலை நான்கு தடவை வாங்கியவன் நான்.

நசுங்கிய இறகுகளை எறிந்துவிடாதீர்கள். மராபு, வாத்தின் எண்ணெய்ச் சுரப்பிப் பக்கத்து மெல்லிறகு இரண்டும் அமுங்கினால் பொலிவிழக்கும். இவற்றின் கவரில் மட்டும் காற்றை முழுக்க வெளியேற்றாமல் கொஞ்சம் உப்பலாக மூடுங்கள். வளைந்துபோன இறகை இடுக்கியால் பிடித்து, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் பத்து நொடி காட்டினால் கண்ணெதிரே இழைகள் ஒவ்வொன்றாக நிமிரும். முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மூட வேண்டும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். தோல்கள் பிசுபிசுவென்று இருந்தால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, துணியில் ஒற்றி, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். கொழுப்பும் அழுக்கும் ஒட்டிய தோல்தான் பூச்சிக்கு முதலில் பிடிக்கும்.

பெட்டி என்று கேட்டீர்கள். மூடியில் ரப்பர் விளிம்பும் பக்கத்தில் கொக்கிப் பூட்டும் உள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பா எதுவானாலும் சரி. ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் நடுத்தர அளவில் நாலைந்து வாங்குங்கள். ஒன்றில் பூச்சி புகுந்தாலும் மற்றவை தப்பும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியத் தெளிந்த டப்பாவாக வாங்கி, இருட்டான அலமாரியில் வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வெயிலில் கொதிக்கும் பரணும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். மரச்செதுக்கு இழுப்பறைகள் கொண்ட கட்டும் மேசை வாங்க ஆசையிருந்தால் வாங்குங்கள், நூலும் கருவிகளும் அதில் அழகாக இருக்கும். இறகை மட்டும் அதில் நேராக வைக்காதீர்கள், இழுப்பறையின் இடுக்கெல்லாம் புழுவுக்கு வாசல். ஆனால் அந்தச் சேவல் தோலை இன்று இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், அது இருந்த செருப்புப் பெட்டியை வீட்டுக்கு வெளியே எறிந்துவிடுங்கள், அதன் பக்கத்தில் இருந்தவை எவையென்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவற்றையும் வெள்ளைத் தாளின் மேல் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.